கர்ப்பகால வெள்ளைப்படுதல்

கர்ப்பகால வெள்ளைப்படுதல் என்பது கருவுற்ற பெண்களுக்கு யோனி வழியாக வழக்கத்தைவிடக் கூடுதலாக வெளிவரும் வெண்ணிறக் கசிவைக் குறிக்கும். கருவுற்ற பெண்களில் பெரும்பாலோருக்கு இது ஏற்படுகிறது. மெல்லியதாகவும், வெண்மையாகவோ நிறமற்றோ, கெட்ட வாடையின்றியும், அரிப்பு எரிச்சல் இல்லாமலும் இருந்தால் இது நோயன்று. உடல் கருவைப் பாதுகாக்கும் ஏற்பாடுகளில் இதுவும் ஒன்று.

பேச்சுவழக்கில் யோனி வழியாக வரும் எல்லாக் கசிவும் ‘வெள்ளைப்படுதல்’ என்ற ஒரே சொல்லால் சுட்டப்படுகிறது. இயல்பான கசிவு, பூஞ்சைத் தொற்று, பாலியல் வழித் தொற்று, பிரசவம் நெருங்குவதைக் காட்டும் சளி, பனிக்குட நீர்க் கசிவு ஆகிய ஐந்தும் இச்சொல்லுக்குள் மறைந்துவிடக்கூடும். இவற்றுள் சில வீட்டிலேயே கவனித்துக்கொள்ளத் தக்கவை. சில அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியவை. எனவே கசிவின் நிறம், தன்மை, வாடை, அளவு, அது தோன்றும் கர்ப்ப வாரம் ஆகியவற்றைப் பிரித்தறிவது தாய்க்கும் சேய்க்கும் முக்கியமாகிறது.

கசிவு உருவாகும் விதம்

யோனிக் கசிவில் பெரும்பகுதி நீரே. கருப்பை வாயிலுள்ள சுரப்பிகள் சுரக்கும் சளி, யோனிச் சுவரிலிருந்து உதிரும் பழைய செல்கள், அங்கு இயல்பாக வாழும் பாக்டீரியாக்கள் ஆகியவையும் அதில் கலந்திருக்கின்றன.

கருவுற்ற பின் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனின் அளவு பல மடங்கு உயர்கிறது. இடுப்புப் பகுதிக்குச் செல்லும் இரத்த ஓட்டமும் அதிகரிக்கிறது. இதனால் கருப்பை வாய்ச் சுரப்பிகள் கூடுதலாகச் சளியைச் சுரக்கின்றன. யோனிச் சுவர் தடித்து, அதன் செல்களில் கிளைக்கோஜன் என்னும் மாவுப்பொருள் சேர்கிறது. இதிலிருந்து லாக்டோபேசில்லஸ் வகைப் பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகின்றன. தயிரைப் புளிக்க வைப்பதும் இதே அமிலம்தான். ஆரோக்கியமான கசிவில் இலேசான புளிப்பு வாடை இருப்பதற்கு இதுவே காரணம்.

இந்த அமிலத்தால் யோனியின் பி.எச். அளவு பொதுவாக 3.8 முதல் 4.5 வரை இருக்கிறது. தீமை செய்யும் பல கிருமிகளால் இந்த அமிலச் சூழலில் பெருக இயலாது. யோனியில் வாழும் இந்த நன்மை தரும் பாக்டீரியாக்களை ஜெர்மானிய மகப்பேறு மருத்துவர் ஆல்பர்ட் டோடர்லைன் 1892ஆம் ஆண்டு விவரித்தார். அவர் பெயராலும் அவை அழைக்கப்படுகின்றன.

கருப்பை வாயினுள் கெட்டியான சளி திரண்டு ஓர் அடைப்பாக அமைகிறது. யோனியிலுள்ள கிருமிகள் மேலேறிக் கருப்பையை அடையாதபடி இந்தச் சளி அடைப்பு கர்ப்பகாலம் முழுவதும் தடுக்கிறது.

கர்ப்பகாலத்தில் ஏற்படும் மாற்றங்கள்

முதல் மூன்று மாதங்களில், மாதவிடாய் தள்ளிப்போன சில நாட்களிலேயே கசிவு அதிகரிப்பதைச் சிலர் உணர்வர். இக்காலத்தில் இலேசான பழுப்பு நிறக் கசிவோ ஓரிரு துளி இரத்தமோ தென்படலாம். பலருக்கு இதனால் பாதிப்பு ஏற்படுவதில்லை. எனினும் கருச்சிதைவும், கருப்பைக்கு வெளியே கரு தங்கும் நிலையும் இதே போன்ற கசிவுடன் தொடங்கக்கூடும். ஆகவே தொடக்க மாதங்களில் காணும் எந்த இரத்தக் கறையையும் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். அடிவயிற்றில் ஒரு பக்கம் கடுமையான வலி, தோள்பட்டை வலி, மயக்கம் ஆகியவை சேர்ந்திருந்தால் அது உயிருக்கு ஆபத்தான அவசர நிலையாகும்.

நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை கசிவு மெல்லியதாக, பால் போன்ற நிறத்தில் தொடரும். உள்ளாடையில் உலர்ந்த பின் இலேசான மஞ்சள் நிறமாகத் தெரியலாம். இதுவும் இயல்பே.

கடைசி மூன்று மாதங்களில் கசிவின் அளவு மேலும் கூடும். பிரசவம் நெருங்கும்போது கருப்பை வாய் மென்மையாகி விரியத் தொடங்குவதால் சளி அடைப்பு கழன்று வெளியேறுகிறது. மூக்குச்சளி போன்ற பிசுபிசுப்புடன், சற்று இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ இரத்தக் கீற்றுகளுடனோ இது காணப்படும். 37 வாரங்கள் நிறைவுற்ற பின் இப்படிச் சளி வெளியேறினால் பிரசவம் நெருங்குகிறது என்று கொள்ளலாம். வலி அன்றே தொடங்கலாம், சில நாட்கள் கழித்தும் தொடங்கலாம். 37 வாரங்களுக்கு முன்னரே இவ்வாறு வெளியேறினால் குறைப்பிரசவத்தின் அறிகுறியாக இருக்கக்கூடும் என்பதால் உடனே பரிசோதிக்க வேண்டும்.

கருச்சிதைவு அல்லது குறைப்பிரசவ வாய்ப்பைக் குறைப்பதற்காகச் சிலருக்கு யோனியில் வைக்கும் புரோஜெஸ்டிரோன் மாத்திரைகள் பரிந்துரைக்கப்படுகின்றன. இம்மருந்தின் எச்சம் மெழுகு அல்லது மாவு போன்ற வெண்ணிறக் கசிவாக வெளியேறும். இதைத் தொற்று எனக் கருதி மருந்தை நிறுத்திவிடக் கூடாது. ஐயம் இருப்பின் மருத்துவரிடம் கேட்டுத் தெளிவது நல்லது.

தொற்றுகளால் ஏற்படும் கசிவு

பூஞ்சைத் தொற்று: கேண்டிடா என்னும் பூஞ்சை பல பெண்களின் யோனியில் சிறிய அளவில் இயல்பாகவே இருக்கும். கர்ப்பகாலத்தில் கிளைக்கோஜன் மிகுவதாலும் நோய் எதிர்ப்பில் ஏற்படும் மாற்றங்களாலும் அது எளிதில் பெருகுகிறது. திரிந்த பால் அல்லது உடைந்த தயிர்க் கட்டி போன்ற கெட்டியான வெண்கசிவு, கடுமையான அரிப்பு, சிவந்த வீக்கம், சிறுநீர் கழிக்கும்போது தோலில் எரிச்சல் ஆகியவை இதன் அறிகுறிகள். பொதுவாகத் துர்நாற்றம் இராது. இத்தொற்று குழந்தைக்குக் கடுமையான பாதிப்பை உண்டாக்குவது அரிது. மீண்டும் மீண்டும் வருமானால் கர்ப்பகால நீரிழிவு உள்ளதா எனப் பார்ப்பது அவசியம். சென்னையைச் சேர்ந்த நீரிழிவு மருத்துவர் வீ. சேஷய்யா முன்னெடுத்த முறையின்படி, 75 கிராம் குளுக்கோஸ் கரைசலைப் பருகிய இரண்டு மணி நேரத்தில் இரத்தச் சர்க்கரை 140 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகால நீரிழிவு எனக் கொள்ளப்படுகிறது. இந்திய அரசின் வழிகாட்டுதலும் இம்முறையையே ஏற்றுள்ளது.

பாக்டீரியல் வஜினோசிஸ்: லாக்டோபேசில்லஸ் குறைந்து, கார்ட்னெரெல்லா முதலிய பிற பாக்டீரியாக்கள் பெருகும்போது இந்நிலை ஏற்படுகிறது. மெல்லிய, சாம்பல் கலந்த வெண்ணிறக் கசிவும் மீன் கவிச்சு போன்ற வாடையும் இதன் அடையாளங்கள். உடலுறவுக்குப் பின் வாடை மிகும். அரிப்பு பெரும்பாலும் இராது. குறைப்பிரசவம், பனிக்குடம் முன்கூட்டியே உடைதல் ஆகியவற்றுடன் இதற்குத் தொடர்பு காணப்பட்டுள்ளதால், அறிகுறி உள்ள கர்ப்பிணிகளுக்குச் சிகிச்சை அளிக்கப்படுகிறது.

டிரைக்கோமோனியாசிஸ்: டிரைக்கோமோனாஸ் வஜினாலிஸ் என்னும் ஒரு செல் ஒட்டுண்ணியால் வரும் பாலியல் வழித் தொற்று இது. பிரெஞ்சு மருத்துவர் அல்ஃப்ரெட் டோனே 1836இல் நுண்ணோக்கி வழியாக இதைக் கண்டறிந்தார். மஞ்சள் அல்லது பச்சை நிறத்தில் நுரைத்த கசிவு, துர்நாற்றம், எரிச்சல் ஆகியவை இதன் அறிகுறிகள். கணவருக்கு அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் இருவரும் ஒரே காலத்தில் சிகிச்சை பெற வேண்டும். மனைவிக்கு மட்டும் மருந்து கொடுத்தால் தொற்று மீண்டும் வந்துவிடும்.

கொனோரியா, கிளமீடியா: இவை பல பெண்களிடம் அறிகுறியே இன்றி இருக்கும். சிலருக்குச் சீழ் போன்ற மஞ்சள் கசிவு, அடிவயிற்று வலி, உடலுறவுக்குப் பின் இரத்தக் கசிவு ஆகியவை தோன்றும். பிரசவத்தின்போது குழந்தையின் கண்களில் இவை தொற்றக்கூடும். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் குழந்தைகள் பார்வை இழக்க கொனோரியாக் கண் தொற்று ஒரு முக்கியக் காரணமாக இருந்தது. 1880களில் கார்ல் கிரெடே என்னும் ஜெர்மானிய மருத்துவர், பிறந்தவுடன் குழந்தையின் கண்ணில் வெள்ளி நைட்ரேட் சொட்டுமருந்து இடும் வழக்கத்தைக் கொண்டுவந்து இதை வெகுவாகக் குறைத்தார்.

பனிக்குட நீர்க் கசிவு

வெள்ளைப்படுதலுடன் குழப்பிக்கொள்ளப்படுபவற்றுள் மிக முக்கியமானது பனிக்குட நீர்க் கசிவாகும். கருப்பையினுள் குழந்தை பனிக்குட நீரில் மிதந்தபடி வளர்கிறது. பிரசவ வலி தொடங்கும் முன்னரே பனிக்குடம் உடையும் நிலை, நிறைமாதக் கர்ப்பங்களில் சுமார் 8 விழுக்காட்டில் காணப்படுகிறது. 37 வாரங்களுக்கு முன் உடைவது இதைவிடக் குறைவே என்றாலும் அதன் விளைவுகள் கடுமையானவை.

பனிக்குடம் எப்போதும் குடம் உடைந்தது போலப் பெருக்கெடுப்பதில்லை. மேற்பகுதியில் சிறு கிழிசல் ஏற்பட்டால் நீர் சொட்டுச் சொட்டாகவே கசியும். அதைச் சிலர் வெள்ளைப்படுதல் என்றும், சிலர் அடக்க முடியாமல் வரும் சிறுநீர் என்றும் எண்ணி நாட்களைக் கடத்திவிடுகின்றனர். அதற்குள் கிருமிகள் மேலேறிக் கருப்பையிலும் குழந்தையிடத்தும் தொற்றை உண்டாக்கக்கூடும்.

இவற்றை வேறுபடுத்த உதவும் குறிப்புகள் பின்வருமாறு:

வெள்ளைப்படுதல்: பிசுபிசுப்பானது. உள்ளாடையில் திட்டாகப் படியும். நாள் முழுவதும் சிறிது சிறிதாக வரும்.

சிறுநீர்: மஞ்சள் நிறமும் சிறுநீருக்குரிய வாடையும் கொண்டது. இருமும்போதும் தும்மும்போதும் சிந்தும். பின்னர் நின்றுவிடும்.

பனிக்குட நீர்: தண்ணீர் போன்றது. நிறமற்றோ வெளிறிய மஞ்சளாகவோ இருக்கும். சிறுநீர் வாடை இராது. அடக்க முயன்றாலும் நிற்காமல் தொடர்ந்து நனைக்கும்.

ஐயம் ஏற்பட்டால் சிறுநீர் கழித்துவிட்டு, சுத்தமான வெண்ணிறத் துணி அல்லது நாப்கின் அணிந்து சுமார் அரை மணி நேரம் இடப்பக்கமாகப் படுத்திருந்து எழ வேண்டும். எழும்போது நீர் சட்டென வடிந்து துணி நனைந்தால் பனிக்குட நீராக இருக்கும் வாய்ப்பு அதிகம். துணி நனையாவிட்டாலும் ஐயம் தீரவில்லை எனில் மருத்துவமனைக்குச் செல்வதே பாதுகாப்பு. அணிந்திருந்த துணியையும் உடன் எடுத்துச் சென்றால் நிறத்தையும் வாடையையும் மருத்துவர் பார்த்தறிய உதவும்.

நீர் பச்சையாகவோ கரும்பழுப்பாகவோ இருந்தால் குழந்தை கருப்பையினுள்ளேயே மலம் கழித்திருக்கலாம். இந்நிலையிலும், யோனி வழியே தொப்புள்கொடி வெளியே தெரியும் நிலையிலும் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. தொப்புள்கொடி தெரிந்தால் அதை உள்ளே தள்ள முயலாமல், இடுப்பை உயர்த்திப் படுக்க வைத்தோ முழங்கால், முழங்கை ஊன்றிக் குனிய வைத்தோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

34 வாரங்களுக்கு முன் பனிக்குடம் உடைந்தது உறுதியானால், தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி செலுத்தப்படுகிறது. இது குழந்தையின் நுரையீரல் விரைந்து முதிர்ச்சியடைய உதவுகிறது. தொற்றைத் தடுக்க எதிர்நுண்ணுயிர் மருந்துகளும் தரப்படுகின்றன. இந்தச் சிகிச்சைகள் பயன் தர வேண்டுமானால் தாய் உரிய நேரத்தில் மருத்துவமனையில் இருக்க வேண்டும்.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்

- எந்த மாதத்திலும் புத்தம் புதிய சிவப்பு இரத்தம் வருதல். நஞ்சுக்கொடி கீழிறங்கிக் கருப்பை வாயை மூடியிருந்தால் வலியின்றியே இரத்தம் வரும். நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிந்தால் வலியுடன் வரும், வயிறும் இறுகும்.
- தண்ணீர் போன்ற கசிவு தொடர்தல் அல்லது பெருக்கெடுத்தல்.
- 37 வாரங்களுக்கு முன் கசிவு திடீரென மிகுந்து, இடுப்பு வலியோ விட்டுவிட்டு வயிறு இறுகுதலோ சேர்ந்து வருதல்.
- துர்நாற்றமுள்ள கசிவுடன் காய்ச்சல் அல்லது அடிவயிற்று வலி.
- குழந்தையின் அசைவு குறைதல்.

அரிப்பு, வாடை, நிற மாற்றம் ஆகியவை மட்டும் இருந்தால் அடுத்த முறை பரிசோதனைக்குச் செல்லும் வரை காத்திராமல் ஓரிரு நாட்களுக்குள் மருத்துவரைக் காண்பது போதுமானது.

கண்டறிதலும் சிகிச்சையும்

கசிவு தொடங்கிய நாள், நிறம், வாடை, அரிப்பு ஆகியவற்றை மருத்துவர் முதலில் கேட்டறிவார். பின்னர் ஸ்பெகுலம் என்னும் கருவியால் யோனியையும் கருப்பை வாயையும் பார்வையிடுவார். இது சில நிமிடங்களில் முடியும் சோதனை, குழந்தைக்குத் தீங்கு விளைவிப்பதில்லை. இரத்தப் போக்குடன் வருபவர்களுக்கு நஞ்சுக்கொடி கீழே இல்லை என ஸ்கேன் மூலம் உறுதி செய்யும் வரை விரலால் உட்பரிசோதனை செய்யப்படுவதில்லை.

கசிவின் மாதிரியை நுண்ணோக்கியில் பார்த்தால் பூஞ்சை இழைகளையும் நீந்தும் டிரைக்கோமோனாஸையும் காண முடியும். பாக்டீரியல் வஜினோசிஸைக் கண்டறிய 1983இல் ஆம்செல் குழுவினர் வகுத்த நான்கு அளவுகோல்கள் இன்றும் பயன்படுகின்றன: சீரான மெல்லிய கசிவு, 4.5க்கு மேற்பட்ட பி.எச்., பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் சேர்த்ததும் எழும் மீன் வாடை, பாக்டீரியா மொய்த்த செல்கள். நான்கில் மூன்று இருந்தால் இந்நிலை உறுதியாகிறது. பனிக்குட நீர் காரத்தன்மை உடையதால் நைட்ரசின் தாளை நீல நிறமாக மாற்றும். அது கண்ணாடிச் சில்லில் உலரும்போது பெரணி இலை போன்ற வடிவம் தோன்றும்.

பூஞ்சைத் தொற்றுக்குக் கர்ப்பகாலத்தில் குளோட்ரிமசோல் போன்ற மருந்துகளை யோனியில் வைப்பதோ களிம்பாகப் பூசுவதோ பரிந்துரைக்கப்படுகிறது. பொதுவாக ஏழு நாள் சிகிச்சை தேவை. மருந்துக் கடைகளில் எளிதாகக் கேட்டு வாங்கப்படும் ஃபுளுகோனசோல் மாத்திரையைக் கர்ப்பிணிகள் தாமாக உட்கொள்ளக் கூடாது. பாக்டீரியல் வஜினோசிஸுக்கு மெட்ரோனிடசோல் அல்லது கிளிண்டமைசினும், டிரைக்கோமோனியாசிஸுக்கு மெட்ரோனிடசோலும் மருத்துவரின் ஆலோசனைப்படி தரப்படுகின்றன. அரிப்பு நின்றவுடன் மருந்தை நிறுத்தாமல் சொன்ன நாட்கள் முழுவதும் பயன்படுத்த வேண்டும்.

அன்றாடப் பராமரிப்பு

இயல்பான வெள்ளைப்படுதலுக்கு மருந்து தேவையில்லை. பருத்தி உள்ளாடை அணிதல், ஈரமானதும் மாற்றுதல், துவைத்தவற்றை வெயிலில் உலர்த்துதல், வெளிப்புறத்தை வெறும் நீரால் கழுவுதல் ஆகியவை போதும். மலம் கழித்த பின் முன்னிருந்து பின்னாகக் கழுவ வேண்டும். தேவைப்பட்டால் வாசனை சேர்க்காத மெல்லிய நாப்கின் அணியலாம். யோனியினுள் வைக்கும் டாம்பன்களைத் தவிர்க்க வேண்டும்.

யோனியினுள் நீரைப் பீய்ச்சிக் கழுவுவதும், சோப்பு, கிருமிநாசினித் திரவம், படிகார நீர் முதலியவற்றால் உட்புறத்தைச் சுத்தம் செய்வதும் தீங்கானவை. இவை பாதுகாப்பளிக்கும் லாக்டோபேசில்லஸ் பாக்டீரியாக்களையே அழித்து, எந்தத் தொற்றைத் தடுக்க நினைக்கிறார்களோ அதற்கே வழி திறந்துவிடுகின்றன.

சமூக நம்பிக்கைகள்

தமிழ்நாட்டிலும் தெற்காசியாவின் பிற பகுதிகளிலும் வெள்ளைப்படுதல் உடலின் சத்து வெளியேறுவதாகக் கருதப்படுகிறது. எலும்பு உருகி வெள்ளையாக வருகிறது என்பது பரவலான நம்பிக்கை. கசிவில் எலும்பின் பகுதி எதுவும் கிடையாது. கருவுற்ற பெண்ணுக்குச் சோர்வு, மூச்சுவாங்குதல், தலைச்சுற்றல் இருந்தால் காரணம் பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கும். 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 விழுக்காட்டினருக்கு இரத்தச்சோகை உள்ளது. சோர்வுக்கு வெள்ளைப்படுதலைக் காரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தால் இரத்தச்சோகை கவனிக்கப்படாமல் போகிறது. அது பிரசவத்தின்போது ஏற்படும் இரத்தப்போக்கைத் தாயால் தாங்க முடியாத நிலைக்குக் கொண்டு செல்லும்.

‘உடல் சூடு’ காரணம் என்று கருதி இளநீர், மோர் முதலியவற்றைப் பருகும் வழக்கமும் உண்டு. இவை பொதுவாகத் தீங்கற்றவை என்றாலும் தொற்றைக் குணப்படுத்துவதில்லை. கர்ப்பிணிகள் உட்பொருள் தெரியாத சூரணங்களைத் தாமாக உட்கொள்வதைத் தவிர்க்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தடையாக இருப்பது கூச்சம். மாமியாரிடமும் கணவரிடமும் சொல்லத் தயங்கும் பெண், மருத்துவமனையில் பலர் முன்னிலையில் கேட்கப்படும்போது ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லிவிடக்கூடும். சொன்னாலும் ‘வெள்ளை படுது’ என்ற இரு சொற்களுடன் நிறுத்திக்கொள்வார். ஆகவே கிராம சுகாதாரச் செவிலியர் போன்ற பணியாளர்கள் தனிமையில், தெளிவான சொற்களில் கேட்பது பயன் தரும். ‘வெள்ளையாகத் திட்டுத் திட்டாகப் படுகிறதா, தண்ணீராக வடிகிறதா? துணி எத்தனை முறை மாற்ற வேண்டியுள்ளது? வாடை உண்டா?’ என்ற கேள்விகளே பனிக்குட நீர்க் கசிவை அடையாளம் காட்டப் போதுமானவை.

கர்ப்பகாலத்தில் குறைந்தது எட்டு முறை மருத்துவத் தொடர்பு இருக்க வேண்டும் என உலக சுகாதார அமைப்பு 2016இல் பரிந்துரைத்தது. இந்தியாவில் ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதி அரசு மருத்துவ நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கான சிறப்புப் பரிசோதனை நடத்தப்படுகிறது. அவசர நிலையில் தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990 ஆகிய எண்களில் கட்டணமின்றி ஆம்புலன்ஸை அழைக்கலாம்.

பிரசவத்திற்குப் பின்

குழந்தை பிறந்த பின் வரும் கசிவு வேறு வகையானது. முதல் மூன்று நான்கு நாட்கள் சிவப்பாகவும், பின்னர் பழுப்பு கலந்த இளஞ்சிவப்பாகவும், சுமார் பத்து நாட்களுக்குப் பின் மஞ்சள் கலந்த வெண்மையாகவும் மாறி, நான்கு முதல் ஆறு வாரங்களில் நின்றுவிடும். இக்காலத்தில் துர்நாற்றம், காய்ச்சல், பெரிய இரத்தக் கட்டிகள், ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுவதும் நனையும் அளவுக்கு இரத்தப்போக்கு ஆகியவற்றுள் எது தோன்றினாலும் உடனடியாக மருத்துவ உதவி பெற வேண்டும்.